மயிரிழையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு

முத்துக்குத் தோல் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? உண்டு. வெங்காயத்துக்கு இருப்பதைப் போலவே உண்டு. ஒன்றல்ல, இரண்டல்ல, ஆயிரக்கணக்கில்.

அந்தக் காலத்து முத்து வேலைக்காரர்களில் கை தேர்ந்த சிலர் இதை வைத்தே பிழைத்தார்கள். ஒளி மங்கிப்போன முத்து ஒன்றை அவர்களிடம் கொடுத்தால், மேல் தோலைப் பக்குவமாகச் சீவி உரித்து, அடியிலிருக்கும் புதுத் தோலை வெளியே கொண்டுவருவார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் பத்து ரூபாய் முத்து நூறு ரூபாய் முத்தாக மாறும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டாலோ, உரித்துக்கொண்டே போய்க் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. வெங்காயம் உரிப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. கண்ணீர் இரண்டிலும் உண்டு.

இந்த வாரம் நமது பக்கத்தில் இந்தத் தோலைப் பற்றித்தான் பேச்சு. முதலில் சிப்பி போடும் தோல். பிறகு சிப்பியைப் போலவே, ஆனால் சிப்பியையும் மிஞ்சும் மெல்லிசாக, மனிதன் போடக் கற்றுக்கொண்ட தோல். இரண்டையும் தூத்துக்குடியில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. போகப் போகத் தெரியும்.

முத்துச் சிப்பி ஒரு கொத்தனார். தன் உடம்புக்குள் வந்து சிக்கிக்கொண்ட அந்நியப் பொருளைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்தை மெல்லிய ஓடுகளாக அடுக்குகிறது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே புரதத்தால் ஆன ஒரு பசை. ஒவ்வோர் ஓட்டின் கனமும் ஏறக்குறைய அரை மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு மில்லிமீட்டர் கனம் சேர்வதற்குள் சிப்பி சுமார் இரண்டாயிரம் அடுக்குப் போட்டாக வேண்டும். கூலி உயர்வு கேட்காமல் இப்படி வேலை செய்யும் கொத்தனார் தரையில் கிடைக்கமாட்டார்.

முத்தின் ஒளிக்கும் இந்த அடுக்குத்தான் காரணம். மழை பெய்த ரஸ்தாவில் சிந்திய எண்ணெய் வானவில்லாக மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் வலுக்கின்றன, சில நிறங்கள் அடங்குகின்றன. முத்தில் அப்படிப்பட்ட படலங்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. நம்முடைய ஸர் சி. வி. ராமன் 1930-களில் சிப்பி ஓடுகளின் வர்ண ஜாலத்தை ஆராய்ந்தார். அதோடு விடவில்லை. 1954-ல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்துக்களின் அமைப்பைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். நோபல் பரிசு வாங்கி இருபத்து நான்கு வருஷம் ஆன பிறகும் முத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்!

முத்து என்றால் தூத்துக்குடி என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. கொற்கையில் பாண்டியன் துறைமுகம் வைத்திருந்த நாளிலிருந்து மன்னார் வளைகுடாவின் 'பார்'களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், பரதவர்கள் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தார்கள். சிப்பிகள் சில வருஷங்கள் கூட்டமாக விளையும். பிறகு பல வருஷங்களுக்கு மாயமாக மறைந்துவிடும். 1955-லிருந்து 1961 வரை தொடர்ந்து முத்துக் குளிப்பு நடந்தது. 1961-க்குப் பிறகு இன்றுவரை நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். முத்துக் குளித்த கதையைச் சொல்லும் கிழவர்களும் மிகச் சிலர் இருக்கிறார்கள். முத்து மட்டும் இல்லை.

ஆனால் கடல் கைவிட்ட பன்னிரண்டாம் வருஷம், 1973 ஜூலையில், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் ஒரு காரியம் நடந்தது. மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சாமி, சிப்பிக்குள் ஒரு சிறு மணியையும், வேறொரு சிப்பியின் உடல் மேலுறையிலிருந்து வெட்டிய சிறு துணுக்கையும் பக்குவமாகச் செருகி, உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. ஜப்பானியர் ரகசியமாகப் பொத்தி வைத்திருந்த வித்தையை நம்மவர் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார் என்று அப்போது பெருமையாகப் பேசினார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். நம் கடல் வெதுவெதுப்பான கடலாகையால் இங்கே சிப்பி ஜப்பானைவிட வேகமாகப் பூச்சுப் போடுகிறது என்பதும் தெரிந்தது. பிறகு பொரிப்பகத்தில் குஞ்சுச் சிப்பிகளை வளர்த்துப் பார்களில் விதைத்துக்கூடப் பார்த்தார்கள். இவ்வளவும் செய்தும் உலக முத்துச் சந்தையில் நாம் வாங்குகிறவர்களாகத்தான் நிற்கிறோம். இதை நினைத்தால் எனக்கு அடிவயிற்றில் எரிகிறது. ஆனால் அது வேறு கட்டுரை.

வளர்ப்பு முத்தில் உள்ள சூட்சுமம் ஒன்றைப் பெண்மணிகள் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே வைக்கும் மணி சிப்பி ஓட்டிலிருந்தே கடைந்து எடுத்தது. அதன் மேல் சிப்பி போடும் பூச்சுத்தான் முத்து. பூச்சு கனமாக வேண்டுமென்றால் கடலில் நாள் கூட இருக்க வேண்டும். கடலில் நாள் கூட இருந்தால் புயல் வரலாம், நோய் வரலாம், சிப்பி செத்துப் போகலாம், வட்டி ஏறலாம். ஆகவே அவசரக்காரர்கள் சீக்கிரமே எடுத்துவிடுகிறார்கள். ஜப்பானில் ஒரு காலத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் விட்டு வைத்தவர்கள், பிற்பாடு ஒரு வருஷத்துக்கும் குறைவாகவே விட்டு வைத்தது உண்டு. கடையில் இரண்டும் முத்துத்தான். சரத்தை விளக்கடியில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். பூச்சு மெல்லியதாக இருந்தால் உள்மணியின் வரிகள் பளிச் பளிச்சென்று கண் சிமிட்டும். கண் சிமிட்டும் முத்தை நம்பாதீர்கள். சில வருஷம் வியர்வை பட்டால் தோல் உரிந்து மணி தெரியும்.

இனி இரண்டாவது தோல்.

பழைய முத்துக் கரையில் இன்றைக்கு என்ன விளைகிறது என்று கேட்டால், உப்பு என்பார்கள். அதற்கு அடுத்தபடி வெயில் என்று சொல்ல வேண்டும். 1974-ல் பெருந்துறைமுகமாகி, 2011-லிருந்து வ.உ.சி.யின் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகத்தின் எல்லைக்குள்ளேயே தரையில் சூரிய மின் பலகைகளை வரிசையாக நட்டு 5 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். மேற்கே கங்கைகொண்டானில் பலகைகளையும், பலகைக்குள் இருக்கும் செல்களையும் செய்கிற பெரிய தொழிற்சாலையே வந்துவிட்டது. 2024-ல் அங்கே செல் தயாரிப்புத் தொடங்கியது. ஊருக்குள் மொட்டை மாடிகளிலும் கறுப்புப் பலகைகள் முளைத்து வருகின்றன.

துறைமுக ரஸ்தாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்று யாரோ சொல்லி, அவரும் போடலாமா வேண்டாமா என்று யோசனையில் இருக்கிறார். மானியம் போக மீதிப் பணம் மகளின் கல்யாணத்துக்காகச் சேர்த்த பணத்திலிருந்து வரவேண்டும்.

"தம்பி, இந்தக் கடக்காத்துல எங்க வீட்டு ஜன்னல் கம்பியே அஞ்சு வருசத்துல பொடியா உதுருது. இந்தப் பலகைக்கு இருவத்தஞ்சு வருசம் காரண்டின்னு சொல்லுதான். நீங்க படிச்சவுக, சொல்லுங்க. அதுக்குள்ள அப்பிடி என்னதான் பூசி வச்சிருக்கான்?"

நல்ல கேள்வி. என்ன பூசி வைத்திருக்கிறான் என்று பார்ப்போம்.

சூரியச் செல் என்பது சிலிக்கன் என்னும் பொருளின் மெல்லிய வில்லை. வெயில் பட்டதும் அதற்குள் எலெக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து ஓடத் தொடங்குகின்றன. அவை கம்பி வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் நமக்கு மின்சாரம். வழியிலேயே தொலைந்துவிட்டால் வெறும் சூடுதான் மிச்சம். எங்கே தொலைகின்றன? பெரும்பாலும் மேற்பரப்பில்.

வயலுக்குப் பாயும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கரையெல்லாம் நண்டு வளையாக இருந்தால், மடையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா? சிலிக்கனை வில்லையாக அறுக்கும்போது அணுக்களைப் பிணைக்கும் கைகள் அறுபட்டு, மேற்பரப்பில் அந்தரத்தில் தொங்குகின்றன. ஒவ்வொரு வெறுங்கையும் ஒரு நண்டு வளை. ஓடி வரும் எலெக்ட்ரான் அதில் விழுந்தால் விழுந்ததுதான். வில்லையை மெல்லிசாக அறுக்க அறுக்க, விலை குறையும். ஆனால் எலெக்ட்ரானுக்குக் கரை பக்கத்தில் வந்துவிடுவதால் நஷ்டம் கூடும்.

வளைகளை அடைக்க ஒரு பூச்சு வேண்டும். அதற்குத் தேர்ந்தெடுத்த பொருள் என்ன தெரியுமா? அலுமினியம் ஆக்ஸைடு. அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள். மாணிக்கமும் நீலக்கல்லும் இதே சரக்குத்தான். கொஞ்சம் கலப்படம் சேர்ந்ததால் நிறம் வந்தது, விலையும் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் சமையலறையிலே இருக்கும் அலுமினியப் பாத்திரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருப்பதும் இதுவேதான். தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய மறுகணமே காற்றிலுள்ள பிராணவாயு அதன்மேல் ஒரு மெல்லிய தோலைப் போட்டுவிடுகிறது. அந்தத் தோல் சில நானோமீட்டர் வளர்ந்ததும் தானாக நின்றுவிடும். நானோமீட்டர் என்பது மைக்ரானிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரும்புத் துரு நிற்கத் தெரியாத துரு. உள்ளே உள்ளே தின்றுகொண்டே போகும். அலுமினியத்தின் துரு நிற்கத் தெரிந்த துரு. அதனால்தான் அது துரு என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

சிலிக்கனில் அலுமினியம் இல்லை. ஆகவே அந்தத் தோலை நாம்தான் போட்டுவிட வேண்டும். ஐந்து முதல் இருபது நானோமீட்டர் கனம் போதும். நம் தலைமயிரின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். சிப்பி போடும் ஒற்றை ஓட்டின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிசான பூச்சை ஒரு பொட்டு இடம்கூட விடாமல், ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய என்றில்லாமல், எந்தத் தூரிகையால் பூசுவது?

தூரிகையால் முடியாது. தெளித்தாலும் மேட்டில் விழும், பள்ளத்தில் விழாது. இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் 'அட்டாமிக் லேயர் டெபாஸிஷன்' என்று நீட்டி முழக்குவார்கள். நாம் 'அணு அடுக்குப் பூச்சு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

காற்றை வெளியேற்றிய ஓர் அறை. சுமார் இருநூறு டிகிரி சூடு. உள்ளே சிலிக்கன் வில்லை. முதலில் ஒரு வாயுவை உள்ளே விடுகிறார்கள். ஓர் அலுமினிய அணுவும் அதைச் சுற்றி மூன்று மீதைல் தொகுதிகளும் கொண்ட வாயு. பெயர் டிரைமீதைல் அலுமினியம். மகா முன்கோபி. வெளிக் காற்றுப் பட்டால் தானே தீப்பற்றிக்கொள்ளும். அது வில்லையின் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இங்கேதான் தந்திரம். கல்யாணப் பந்தி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூடத்தில் நூறு இலை போட்டிருக்கிறது. கதவைத் திறந்ததும் ஐந்நூறு பேர் பாய்கிறார்கள். நூறு பேர் உட்கார்ந்ததும் இடம் தீர்ந்தது. ஒருவர் மடியில் ஒருவர் உட்கார முடியாதல்லவா? மிச்சம் நானூறு பேரை மரியாதையாக வெளியே அனுப்பிவிட வேண்டியதுதான். ஐந்நூறு பேருக்குப் பதில் ஐயாயிரம் பேர் வந்திருந்தாலும் உட்காருகிறவர்கள் நூறு பேர்தான். கூடத்தின் மூலையில் போட்ட இலையும் காலியாக இராது. அறைக்குள் விட்ட வாயுவும் அப்படித்தான். இடம் உள்ள வரை ஒட்டும். ஓர் அடுக்கு ஆனதும் அதுவே நின்றுவிடும். மீதியை நைட்ரஜன் வாயுவால் ஊதி வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

அடுத்து நீராவி வருகிறது. வெறும் தண்ணீரின் ஆவிதான். ஒட்டி நிற்கும் அலுமினியத்தின் தலையில் மிச்சமிருக்கும் மீதைல் தொகுதிகளை அது பறித்துக்கொண்டு மீதேன் வாயுவாக வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் பிராணவாயுவை வைத்துவிட்டுப் போகிறது. அப்படி வைத்த இடம் அடுத்த பந்திக்கு இலை ஆகிவிடுகிறது. இந்தப் பந்தியில் ஒரே ஒரு விபரீதம்: உட்கார்ந்தவர் எழுந்திருப்பதே இல்லை, அவர் தலைமேலேயே அடுத்த இலையைப் போட்டுவிடுகிறார்கள்!

மறுபடியும் ஊதித் துப்புரவு செய்து, மறுபடியும் முதல் வாயு. இந்த நான்கு காரியமும் சேர்ந்து ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குப் பூச்சு வளர்வது ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பத்து நானோமீட்டர் வேண்டுமா? நூறு சுற்று. கனத்தை அளக்க வேண்டியதில்லை, சுற்றை எண்ணினால் போதும். நடுவில் ஊதித் தள்ளுகிற வேலையில் சோம்பல்பட்டால் மட்டும் ஆபத்து. இரண்டு வாயுக்களும் அந்தரத்தில் சந்தித்துப் பொடியாகி மேலே விழும். பூச்சும் புழுதியும் ஒன்றாகிவிடும்.

ஒரு வேடிக்கைக் கணக்கு. ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடி என்று வையுங்கள். இந்த யந்திரத்தில் ஒரு முத்துக்கு அரை மில்லிமீட்டர் பூச்சுப் போட வேண்டுமென்றால் ஐம்பது லட்சம் சுற்று ஆகும். இரவு பகல் ஓடினால் சுமார் இருநூற்றுத் தொண்ணூறு நாள்! சிப்பி மந்தமான பிராணி என்று நினைத்தோமே, கடலடியில் இருந்துகொண்டு அதுவும் வருஷக் கணக்கில்தான் அந்தப் பூச்சைப் போடுகிறது. மின்சாரச் செலவில்லாமல்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் வழக்கம்போல் இரண்டு கட்சி. 1960-களில் லெனின்கிராடில் அலெஸ்கோவ்ஸ்கி, கோல்ட்ஸோவ் என்ற ரஷ்ய ரசாயன விஞ்ஞானிகள் இதே வழியில் ஆராய்ச்சி செய்திருந்தார்கள். அதை அறியாமல் 1974-ல் பின்லாந்து தேசத்தில் துவோமோ ஸுந்தோலா என்ற பௌதிக விஞ்ஞானி தாமாகவே இதைக் கண்டுபிடித்துத் தொழிலாகவும் ஆக்கினார். புது வேலையில் சேர்ந்தபோது அவருடைய ஆராய்ச்சிச் சாலையில் சாமான் ஒன்றுமில்லையாம். சுவரில் தனிமங்களின் அட்டவணை மட்டும் தொங்கிற்றாம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது யோசனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆபீஸில் நாற்காலி வரவில்லை என்று வேலையை ஒத்திப்போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அவர் செய்த ஒளிரும் பலகை ஒன்றை 1983-ல் ஹெல்ஸிங்கி விமான நிலையத்தில் மாட்டினார்கள். 1998 வரை பயணிகளுக்கு விமானம் வரும் நேரத்தைக் காட்டியது. பிறகு கம்ப்யூட்டர்க்காரர்கள் வந்தார்கள். சிலிக்கன் சில்லுக்குள் இருக்கும் கதவு போன்ற பாகத்துக்குக் காவலாக வைத்த ஆக்ஸைடுப் படலத்தைக் குறைத்துக் குறைத்து, 1.2 நானோமீட்டர் வரை கொண்டுவந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தே ஐந்து அணு அடுக்கு. சாத்திய கதவு வழியாகவே எலெக்ட்ரான் கசிந்தது. 2007-ல் இன்டெல் கம்பெனி, ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் ஆக்ஸைடை அணு அடுக்குப் பூச்சாகப் போட்டுக் கசிவை அடைத்தது. இன்று உங்கள் கைபேசிக்குள் இருக்கும் சில்லு இந்தத் தோல் இல்லாமல் இல்லை. 2018-ல் ஸுந்தோலாவுக்குப் பின்லாந்தின் மில்லெனியம் பரிசு, பத்து லட்சம் யூரோ, கிடைத்தது.

சூரியச் செல்லுக்கு இந்தத் தோல் பொருந்தும் என்று ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் காட்டியது 2006 வாக்கில். அலுமினியம் ஆக்ஸைடு வளைகளை அடைப்பதோடு நிற்கவில்லை. அந்தப் பூச்சுக்குள் எதிர் மின்னேற்றம் தங்கிவிடுவதால், பின்புறம் ஓடி வரும் எலெக்ட்ரான்களைக் 'கிட்டே வராதே' என்று தள்ளியும் விடுகிறது. நண்டு வளையை அடைத்ததுடன் கரைமேல் காவலாளும் போட்ட மாதிரி. இன்று உலகம் முழுவதும் விற்பனையாகும் 'பெர்க்', 'டாப்கான்' என்ற செல்களில் இந்தப் பூச்சு உண்டு. அதனால் கிடைத்த லாபம் நூற்றுக்கு ஒரு புள்ளி என்கிற கணக்கு. ஒன்றுதானா என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். வெயிலில் நூற்றுக்கு இருபது பங்கை மின்சாரமாக்கும் தொழிலில் ஒரு புள்ளி என்பது இருபதில் ஒன்று. இருபது மாடியில் ஒரு மாடிக்குப் பலகை போடும் செலவு மிச்சம்.

ஆனால் தொழிற்சாலையில் நேரம்தானே காசு? முத்து வளர்ப்பவனுக்கு வந்த அதே சோதனை இங்கேயும் வந்தது. ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் வில்லை செய்ய வேண்டிய இடத்தில், நூறு தடவை ஊதி ஊதிப் பூசுவதா? இவர்கள் பூச்சைக் குறைக்கவில்லை. வேறு வழி பார்த்தார்கள். ஒன்று, ஒரே குழாய்க்குள் ஆயிரக்கணக்கான வில்லைகளை நெருக்கி நிறுத்தி ஒரே சமயத்தில் பூசுவது. வாயு இண்டு இடுக்கெல்லாம் புகுமாகையால் நெருக்கி நிறுத்தினாலும் குற்றமில்லை. இன்னொன்று, வாயுவை மாற்றாமல் வில்லையையே நகர்த்துவது. அலுமினிய வாயு ஓரிடத்தில், நீராவி ஓரிடத்தில், நடுவே நைட்ரஜன் திரை. வில்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தால் ஆயிற்று. பந்திக்கு ஆட்களை அழைப்பதற்குப் பதில் கூடத்தையே தூக்கிக்கொண்டு போகிற வேலை! இதையெல்லாம் விட்டுப் பிளாஸ்மா முறையில் ஒரேயடியாகப் படியவைக்கிறவர்களும் உண்டு. வேகம் அதிகம்; கொஞ்சம் கனமாகப் போடுவார்கள்.

நம்மவர் நிலை என்ன? பம்பாய் ஐ.ஐ.டி.யிலும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் அணு அடுக்குப் பூச்சு ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் நம் செல் தொழிற்சாலைகளில் ஓடும் யந்திரங்களில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு, அதிலும் சீனத்துச் சரக்கு. மானியப் பலகைக்குச் செல்லும் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்று சர்க்கார் விதி இருக்கிறது. செல்லைப் பூசுகிற யந்திரத்தைப் பற்றி விதி ஒன்றும் இல்லை. வேப்பலோடையில் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டுச் சந்தையைக் கோட்டை விட்டோம். இங்கே சந்தை நம்முடையது. வித்தையைத்தான் விலைக்கு வாங்குகிறோம். எது தேவலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் வருவோம். இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் அசையவில்லை.

"அது சரி தம்பி. நீங்க சொல்லுத பூச்ச உப்புக் காத்து திங்குமா, திங்காதா?"

திங்காது என்றேன். அந்தத் தோல் உப்புக் காற்றைப் பார்ப்பதே இல்லை. அதன்மேல் சிலிக்கன் நைட்ரைடு என்ற வேறொரு பூச்சு, அதற்கு மேல் பிசின், அதற்கும் மேல் கண்ணாடி. பழைய செல்கள் நீலமாகத் தெரிந்தது அந்த நைட்ரைடுப் பூச்சின் கனத்தால்தான், முத்து மினுங்குகிற அதே கணக்கில். கடற்கரையில் பலகைக்குச் சத்துரு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. சட்டம், போல்ட்டு, தாங்கி நிற்கும் இரும்புக் கால், வயரைச் சேர்க்கும் மூட்டு, இவைதான் முதலில் போகும். பிசின் விட்டுக்கொடுத்து ஈரம் உள்ளே போனால் பிறகு செல்லும் போகும். ஆகவே பலகை வாங்குகிறவர் விற்கிறவனிடம் கேட்க வேண்டியது, உள்ளே என்ன பூசினாய் என்பதல்ல. உப்பு மூட்டத்தில் வைத்துச் சோதித்ததற்கு 'ஐ.இ.சி. 61701' என்று ஒரு தர எண் இருக்கிறது. அந்தச் சோதனையில் தேறிய அத்தாட்சி இருக்கிறதா? காலுக்கு நல்ல கனமாக நாகப் பூச்சுப் பூசிய இரும்பா, போல்ட்டு துருப்பிடிக்காத எஃகா? இருபத்தைந்து வருஷ உத்தரவாதம் பலகைக்கு மட்டுமா, இரும்புக்கும் உண்டா? இதையெல்லாம் வாய்ச் சொல்லாக அல்ல, காகிதத்தில் வாங்க வேண்டும். மழை இல்லாத மாதங்களில் நல்ல தண்ணீர் விட்டு உப்பையும் தூசியையும் கழுவவும் வேண்டும். நம் ஊரில் எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது உங்களுக்கே தெரியும்.

அண்ணாச்சி அந்த எண்ணை மளிகைச் சிட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டார். என் எதிரிலேயே பலகை விற்கும் கம்பெனி ஆளுக்குப் போன் செய்தார். அறுபத்தோராயிரத்து எழுநூற்று ஒன்று என்று மூன்று தடவை சொன்னார். எதிர்முனையில் என்ன பதில் வந்ததோ தெரியாது.

"அப்படியா? காயிதம் நாளைக்கு வருமா? சரிய்யா. அப்ப நீங்களும் காயிதத்தோட நாளைக்கே வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஒரு கிலோ உப்புக் கேட்டு வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.